கிடார்க்காரன் எங்கே போனான்?

குறுவை நெல்லுக்குப் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் குடவாசலில் மின்சாரம் இளைத்துவிடும். அப்போது சபீரா வீட்டு டேப் ரிக்கார்டரில் துள்ளிக்கொண்டிருந்த இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் இருவரின் குரல் தடித்து, இழுபட்டு, வயல் தவளையின் குரலாகிப்போகும். 'கரண்ட்டு எறங்கிடுச்சு' என்று தலையில் அடித்துக்கொண்டு, அது ஏறுகிற வரைக்கும் உட்காரவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் நானும் அவளும் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்போம். எண்பதுகளின் நடுவில், நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலம் முழுக்க அப்படி நடந்துகொண்டேதான் இருந்தோம் என்று தோன்றுகிறது.

சபீராவின் அத்தா ஷார்ஜாவில் கடை வைத்திருந்த 'சபுராளி', கடல் கடந்து பிழைக்கப் போனவர். அங்கிருந்து விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்களிடம் சோப்பு, சென்ட்டோடு கேசட்டும் கொடுத்தனுப்புவார். அந்த இருவரும் எங்களிடம் வந்தது அப்படித்தான். அட்டைப் படத்தில் ஒருவன் வாய் கொள்ளாச் சிரிப்போடு மைக்கைப் பிடித்திருப்பான், பக்கத்தில் கிடாரை அணைத்தபடி மற்றவன். சபீராவுக்குக் குரல் இருந்ததால் அவள் பாடுகிறவன் ஆனாள். எனக்குக் குரலும் இல்லை, கிடாரும் இல்லை; ஆனாலும் டிரங்குப் பெட்டியில் தாளம் தட்டிக்கொண்டு, நடுநடுவே வரும் 'ஓ... ஓ...' மட்டும் பாடுகிற கிடார்க்காரன் நான். தமிழாசிரியரான என் அப்பா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இதுல வார்த்தை எங்கம்மா இருக்கு? பல்லு வலிக்காரனாட்டம்ல கத்துறான்" என்றார்.

அவர்கள் வாழ்க்கை எங்களுக்குக் கேசட் கேசட்டாகத்தான் தெரியவந்தது. முதலாவதில் எல்லாமே ஆட்டம் போட வைத்த பாட்டுகள். இரண்டாவதில் சட்டை பளபளத்தது, கூட்டத்தின் கூச்சல் கேட்டது. கிடார்க்காரன் அட்டையில் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றான். அது எனக்கு உறுத்தியது. மூன்றாவதைச் சபீராவின் மாமா கொண்டுவந்தபோது அட்டையில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

"ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டானுங்க. இவன் தனியாப் பாடுறான்" என்றார் அவர்.

"அப்ப கிடார்க்காரன்?"

"அவன யாரு தேடுறா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பேர் கேட்ட பாட்டில் பாதி ஆள் காணாமல் போயிருக்கிறான், ஒருவருக்கும் அது பொருட்டாக இல்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி ஆண்டுவிழா வந்தது. இங்கிலீஷ் பாட்டு என்றதும் தலைமையாசிரியை மகிழ்ந்துபோய் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார். ஆனால் சபீராவின் அம்மா, "ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல மேடையில நிக்க வேணாம். பாடுறதுன்னா மறைவுல நின்னு பாடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விழா ஏற்பாடு பார்த்த டீச்சர், தலைமையாசிரியைக்குச் சொல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தார்: சபீரா திரைக்குப் பின்னால் ஒரு மைக்கில் பாடுவாள், நான் முன்னால் நின்று வாயசைப்பேன்.

அப்படியே நடந்தது. சபீரா அன்று பாடியதைப்போல எப்போதும் பாடியதில்லை. நான் கையை வீசி, காலை உதைத்து ஆடினேன். 'ஓ... ஓ...' வந்த இடத்தில் மட்டும் சொந்தக் குரலில் கத்தினேன், அதற்குச் சிரித்தார்கள். முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டி, "என்ன குரலும்மா உனக்கு!" என்றார். எனக்கு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஓடாமல் மைக்கைப் பிடித்து, "பாடுனது நான் இல்லைங்க டீச்சர். சபீரா" என்று சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் எல்லாத் தலைகளும் திரைப் பக்கம் திரும்பின. மூன்றாவது வரிசையில் சபீராவின் அம்மா எழுந்து நின்றார். அந்த நேரத்தில் திரையின் விளிம்பிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெளியே வந்து, விரலை மடக்கி மடக்கிக் காட்டியது. நான் டிபன் பாக்ஸை அதில் வைத்தேன். கை உள்ளே போனது. அதற்கு விழுந்த கைதட்டல் பாட்டுக்குக்கூட விழவில்லை. அவள் அம்மா மட்டும் கைதட்டாமல், மகளைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் முதல் மணி அடித்தும் சபீரா வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள், என்னால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நான் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக அலைந்தேன். இரண்டாவது பீரியடில் வந்து, ஒன்றும் நடக்காததுபோல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடிச்சாங்களாடி?"

"இல்லடி. வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவச் சாத்திட்டு, இன்னொருக்கா பாடுன்னுச்சு. ராத்திரி முழுக்கப் பாடவெச்சு, இப்ப தூக்கம் தூக்கமா வருது."

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார்கள். இன்று அந்த வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை நிற்கிறது. பள்ளியில் கொட்டகையைப் பிரித்துவிட்டு வகுப்பறைகள் கட்டியிருக்கிறார்கள். கேசட் என்றால் என்னவென்று தஞ்சாவூரில் நான் பாடம் நடத்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சபீரா ஷார்ஜாவிலேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போனில், இப்போதும் பாடுகிறாயா என்று கேட்டேன்.

"கார்ல தனியாப் போறப்ப பாடுவேன். ஒன்னோட 'ஓ... ஓ...'வும் நானே பாடிக்குவேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அத நீ பாடாத. அந்த எடம் வந்தா எனக்குப் போன் போடு" என்றேன்.