பீங்கான் தட்டுக்குப் போட்ட பசை

காலையில் எங்கள் வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்ட ஓர் ஆள் வந்தார். அவர் பசை வாளியைத் திறந்ததும் மைதா வாசம் ஜன்னல் வழியாக வந்து என்னை ஆமத்தூருக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆமத்தூரில் எங்கள் வீட்டில் உலை கொதிக்காத நாள் உண்டு. பசை கொதிக்காத நாள் கிடையாது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்போம். நீலக் கல் அது; வயிற்றுக்குள் போனால் விஷம். அந்தப் பசை மேல் என் அம்மாவுக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. கிழிந்த குடை, பல் உடைந்த சீப்பு, என் ஐந்தாம் வகுப்புப் புத்தகம், அப்பாவின் செருப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். செருப்பு மட்டும் மழை பெய்தால் பிரிந்துவிடும். எங்கள் ஊரில் மழை எங்கே பெய்கிறது? அதனால் அம்மாவின் பெயர் கெடவில்லை.

என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று, வீட்டிலிருந்த ஒரே பீங்கான் தட்டு அம்மாவின் கை தவறி விழுந்து இரண்டாக உடைந்தது. மற்றதெல்லாம் நசுங்கிய அலுமினியத் தட்டுகள்.

"மாப்பிள்ளைக்கு அதுலயா குடுப்பாக? பசைய எடுடி!"

உடைந்த விளிம்பில் பசை தடவி, அடியில் லேபிள் தாளை இரண்டு அடுக்கு ஒட்டி, வெயிலில் காயவைத்தேன். மேலே தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கே பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் பிரஸ் வேலை. தாய்மாமாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அந்தத் தட்டில் சுடச்சுடக் கேசரி வைத்துக் கொடுத்தார். சூட்டுக்குப் பசை இளகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை, பாருங்கள்.

ஒரு கையால் வாங்கியவர், சற்று நேரத்தில் இரண்டு கையாலும் அடியில் ஏந்திக்கொண்டார். சாப்பிடவில்லை.

"சாப்பிடுங்க தம்பி" என்றார் அம்மா.

"இருக்கட்டுங்க."

"ஏலே, என்ன பூசைத் தட்டா ஏந்திக்கிட்டு இருக்கே? தின்னுலே!" என்றார் மாமா.

அவர் அசையவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. மாமா தொண்டையைச் செருமி, "சரிம்மா, போயிச் சொல்லிவிடுறோம்" என்று எழுந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வராத இடங்கள்தான்.

நானோ கூச்சத்தில் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் காலடியில் பசை சொட்டிக்கொண்டிருந்தது. தட்டுக்கு அடியில் லேபிள் தாள் வாலாகத் தொங்கியது. கையை எடுத்தால் தட்டு பிரிந்துவிடும் என்றுதான் மனிதர் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் ஓர் அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து அடியில் நீட்டினேன். அவர் கையை விட்டார். பீங்கான், கேசரி, பசை எல்லாம் பொத்தென்று அதில் விழுந்தன. பாவம், தனக்குச் சம்மதம் என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, சட்டென்று ஒரு கை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

"அய்யய்யோ தின்னாதீக! மயில்துத்தம்!"

நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாமா மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நல்லாருக்கு தாயி! தின்னலைன்னா சம்பந்தம் இல்ல. தின்னா மாப்பிள்ளையே இல்ல!"

அம்மாகூடச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை கையில் ஒட்டியிருந்த தாளைத் திருப்பிப் பார்த்து, "எங்க பிரஸ்ல அடிச்ச லேபிள்தான் மாமா. அதான் இம்புட்டு நேரம் தாங்கியிருக்கு" என்றார். கையைக் கழுவிவிட்டு, சட்டியில் மிச்சமிருந்த கேசரியை வேறொரு நசுங்கிய தட்டில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எதை வைத்தாலும் முதல் கவளத்தை வாய்க்கு நேரே நிறுத்தி, "தின்னலாமா?" என்பார். நான் தலையாட்டுவேன். அவர் இருந்தவரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

இப்போது வீட்டில் இருப்பதெல்லாம் உடையாத தட்டுகள். லேபிள் ஒட்ட மிஷின் வந்துவிட்டது.

போஸ்டரை ஒட்டி முடித்த ஆள் பசைக் கையோடு பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்தார். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"தின்னாதீக! மயில்துத்தம்!"

அவர் திரும்பிப் பார்த்தார். வடை வாய்க்கு நேரே நின்றது.

"அதெல்லாம் இப்ப யாரு ஆத்தா போடுறா? இது ரெடிமேட் பவுடரு. தின்னலாம்ல?"

நான் தலையாட்டினேன்.