அட்டைப்பெட்டித் திரை

காய்ந்த பட்டாணியை எவர்சில்வர் தட்டில் கொட்டினால் வருகிற சத்தம்தான் எங்கள் வீட்டுக் கீபோர்டின் சத்தம். ஒரகடம் கூட்ரோட்டுக் "காயலாங்கடை"யில் உடைசலோடு உடைசலாகக் கிடந்ததை அக்கா எடுத்துவந்தாள். எந்தக் கம்பெனி கழித்துப்போட்டதோ, ஒயர் அடியோடு அறுந்திருந்தது, மெஷின் எண்ணெயும் அட்டைத் தூசியும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது, மேல் வரிசை எஃப் பொத்தான்களில் பாதி எழுத்தழிந்து மொட்டையாக இருந்தன. அதைச் செருகுவதற்குக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் தெருவிலேயே இல்லை. "பொட்டி இல்லாம இத்த வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அக்காவின் பெயர் செல்வி. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பன்னிரண்டாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவள், கார்களுக்கு ஒயர் கட்டும் "லைன்" ஒன்றில் நின்றாள். நின்றாள் என்பதை நான் சும்மா ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும், ஓ.டி. என்றால் அதற்குமேலும் நிற்க வேண்டும், லைனில் இருப்பவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மூன்றாவது வருடத்திலேயே அவளுடைய கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாக முடிச்சுப்போட்டுக்கொண்டு புடைத்து நின்றன. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்வது அவருக்குச் சுலபம், அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த லைனில் நாற்காலி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. லைன் முடிகிற இடத்தில் "சிஸ்டம்" மேசை; கட்டி முடித்த ஒயர்களின் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டை அச்சடித்துக் கொடுக்கிற பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கல்யாணம் கூடிவர, வேலையை விடப்போகிறாள் என்று தெரிந்தது. லைனில் இருப்பவர்களே டெஸ்ட் எழுதலாம், ஆனால் எல்லாம் கீபோர்டிலேயே செய்ய வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மவுஸைப் பிடித்து மேய்ந்துகொண்டிருந்தால் பெட்டி தேங்கும் என்று அவர் அந்த மேசையிலிருந்து மவுஸையே கழற்றி வைத்திருந்தார். அக்கா அந்தக் கல்யாணப் பெண்ணின் பக்கத்தில் பஸ்ஸில் இடம்பிடித்து உட்கார்ந்து, எந்தப் பொத்தானுக்கு எது என்று வாய்ப்பாடு மாதிரி கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவாள்.

இனி திரை வேண்டுமே! அதற்குத்தான் நான். ஆறாவது படித்துக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்து, கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றில் சன்னல் வெட்டி என் தலையில் கவிழ்த்தாள். சன்னலுக்குள் என் முகம் தெரியும். அக்கா விடியலில் போய் மதியத்துக்குமேல் திரும்புகிற ஏ ஷிப்ட் வாரங்களில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகத் தொடங்கிவிடுவோம். அவள் எஃப் டூ தட்டினால் "புதுப் பொட்டி தொறந்தாச்சு" என்பேன். கண்ட்ரோல் ஏ என்றால் இரண்டு கைகளையும் விரித்து எல்லாவற்றையும் அணைத்துக்கொள்வேன். ஆல்ட் டேப் என்றால் முகத்தை வெடுக்கென்று அந்தப்பக்கம் திருப்ப வேண்டும். கண்ட்ரோல் இசட் என்றால் கடைசியாகச் சொன்னதை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம் போட வேண்டும். அதற்கு மட்டும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். எஃப் டென் என்றால் ஏற்றியதையெல்லாம் சேமித்து வைப்பது. அதற்கு நான் "ஆச்சு" என்பேன். கடைசியில் ஆல்ட் எஃப் ஃபோர் தட்டுவாள், நான் கண்ணை மூடிக்கொள்வேன், கடை சாத்தியாகிவிட்டது.

"ஒருத்தி செத்த பொட்டியத் தட்டிக்கினு, ஒருத்தி அட்டைக்குள்ள மூஞ்ச வுட்டுக்கினு, பார்க்கறவன் சிரிக்கப் போறான்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம்போடுவாள். திட்டிக்கொண்டே அக்காவின் காலுக்கு எண்ணெய் காய்ச்சுவாள். "அந்த சேரு மட்டும் கெடைக்கட்டும், முருகனுக்குப் பால்கொடம் எடுக்கறேன்" என்பாள்.

நானும் கம்ப்யூட்டரைச் சரியாகக் கண்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது, பூட்டிய அறையில், பூப்போட்ட துணி போர்த்தி. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போய், ஆளுக்கு ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் என்றால் தட்டியதும் செய்கிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். நானும் அப்படித்தான் செய்தேன். அக்காவின் விரல் பொத்தானைவிட்டு எழும்புவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை வேறு.

டெஸ்ட் நாளன்று அக்கா நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் கைகால்கூடக் கழுவாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். என்ன நடந்தது என்பதை எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த மாரி அக்காதான் அம்மாவிடம் சொன்னாள். அவள் கோவில்பட்டிப் பக்கம், அக்காவோடு அதே லைன்.

"நல்லாத்தான் சித்தி செஞ்சா. சூப்பர்வைசரே வாயப் பொளந்துட்டு நின்னாரு, அம்புட்டு வேகம். கடைசியில சேமிக்கதுக்கு எஃப் டென் தட்டுனா. அந்தப் பொட்டியில ஒரு வட்டம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு, பதிலே சொல்லல. இவ பயந்துபோயி மறுபடி மறுபடி தட்டிட்டா. அப்புறம் ஆல்ட் எஃப் ஃபோர். நடுவுல ஒரு கட்டம் வந்துச்சு, இங்கிலீசுல என்னமோ கேட்டுச்சு. இவ அதப் பாத்துச் சிரிச்சிட்டே என்டரத் தட்டுனா. ஏத்துனது அம்புட்டும் போச்சு."

சேமிக்காமலே மூடிவிடட்டுமா என்று அந்தக் கட்டம் கேட்டிருக்கிறது. அக்கா அதை "ஆச்சு" என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டுத் திரை ஒருநாளும் சுற்றிக்கொண்டு நின்றதில்லை, ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. இதை என் குற்றமாக நான் சுமக்கவில்லை, யாரும் சுமத்தவும் இல்லை. இருப்பதை வைத்துப் படித்தோம், இல்லாததில் தோற்றோம், அவ்வளவுதான். இன்னொரு தடவை செய்கிறேன் சார் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அடுத்த ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலி ஒரு டிப்ளமா பெண்ணுக்குப் போயிற்று. பால்குடம் எடுக்கவில்லை. கீபோர்டை அம்மா பரணில் போட்டாள், பிறகு ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது மறுபடி காயலாங்கடைக்கே போனது.

இன்று நான் ஒரகடத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சக்கரம் வைத்த நாற்காலி, நாள் முழுக்கக் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி. சேமிக்கும்போது என் வாய் தானாக "ஆச்சு" என்று முணுமுணுக்கும், பக்கத்து சீட்டுப் பையன் கேலி செய்வான். வாழ்க்கைக்குக் கண்ட்ரோல் இசட் கிடையாது என்று வாட்ஸப்பில் யாராவது தத்துவம் அனுப்பினால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அக்கா கேட்டது வாழ்க்கையைத் திருத்துகிற பொத்தானை இல்லை, உட்கார ஒரு இடத்தை.

அக்கா இப்போது படப்பையில் இருக்கிறாள். காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனாலும் முடிச்சுகள் திரும்பி வந்துவிட்டன. ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள், நின்றுகொண்டுதான்.

போன மாதம் வேலை விஷயமாக அவளுடைய பழைய கம்பெனிக்குள் போகும்படி ஆயிற்று. லைன் அப்படியே இருக்கிறது. சிஸ்டம் மேசை இல்லை, கீபோர்டு இல்லை, நாற்காலியும் இல்லை. ஒரு பெண் கையில் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு ஜெயித்திருந்தாலும் இதுதான் கதி என்றால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்து, நேராகப் படப்பைக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணும் நின்னுகினுதான் இருக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கெண்டைக்காலை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"டெஸ்ட் அன்னிக்கி அந்த சேர்ல உக்காந்தேன்டி. மெத்துனு இருந்துச்சு. காலு ரெண்டும் அப்டியே லேசாயிடுச்சு. அத்தினி வருசத்துல அந்த லைன்ல நான் உக்காந்தது அந்த ஒரு தபாதான்."

அவளுக்குக் கேன்டீனில் இரண்டாவது ஷிப்ட், ஷேர் ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.