கோல்மன் பெயரில் ஃபெஸ்டி

ஃபெஸ்டி என்ற பெயரை டீலியா முதன்முதலில் கேட்டது இங்கிலாந்தில், கவென்ட்ரி நகர ஐரிஷ் மையத்தின் சாப்பாட்டு மேசையில். நவம்பர், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மாதம். பாதிரியார் கேட்க, ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் போனவர்களின் பெயரைச் சொன்னார்கள். கிழவர் கோல்மன் கீனின் முறை வந்தது.

"கோல்மன் கீன்," என்றார்.

"யோவ், நீ எப்பய்யா செத்த? இப்பத்தான சூப்பு ரெண்டு தரம் வாங்கின!" என்றார் பக்கத்தில் இருந்தவர். மேசையே சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை.

"செத்தது என் அத்தை மவன். நான் ஃபெஸ்டி. டாம் மவன், பார்ட்லி பேரன்."

அங்கே சமைப்பதும், முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் டீலியாவின் வேலை. கடல் தாண்டிப் போன தன் மக்களுக்கென்று அயர்லாந்து அரசு தரும் மானியத்தில்தான் அவள் சம்பளம். பாத்திரம் கழுவும்போது மீதியைக் கேட்டாள்.

"ஸ்காட்லாந்துல பள்ளம் தோண்டுறப்ப மண்ணு சரிஞ்சு போயிட்டாம்மா. எனக்கு வேலைச் சீட்டு கிடையாது. அவன் சீட்டு என் பையில கெடந்துச்சு. இங்க வந்து நின்னேன். மேஸ்திரி 'கோல்மன்'னான். 'இருக்கேன்'னுட்டேன்."

"அத்தைக்குச் சொன்னீங்களா?"

அவர் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கப் போகிறார். ஊரிலேயே போய்க் கண்ணை மூட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. திரும்பி வரும் முதியவர்களுக்கு ஊரில் வீடு பார்த்துத் தரவும் அதே மானியத்தில் வழி இருந்தது.

"கப்பல் ஏறுறப்ப ஒரு ரொட்டி குடுக்காத கவர்மென்ட்டு, இப்ப வீடு குடுக்குதாக்கும்!" என்றார் ஃபெஸ்டி.

ஆனால் காகிதமெல்லாம் கோல்மன் பெயரில் இருந்தன; இவர் ஃபெஸ்டி, எங்கள் ஆள்தான் என்று உறவில் ஒருவர் சொல்ல வேண்டும். மிச்சமிருந்தது ஊரில், அயர்லாந்தின் கராரோவில், அக்கா பார்பரா மட்டும். டீலியா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஃபெஸ்டியிடம் கொடுத்தாள். அக்காவின் குரல் அறைக்கே கேட்டது.

"ஊருக்கு வந்தவனெல்லாம் கோல்மன் கவென்ட்ரியில நல்லா இருக்கான்னு சொன்னான்டா. பெத்த மவன் என்னை மறந்துட்டானேன்னு சொல்லிச் சொல்லியே அத்தை செத்தா. தெரியுமா ஒனக்கு?"

"தப்புதான்க்கா."

"என்கிட்ட சொல்லி என்ன? வந்து அவ கல்லறையில சொல்லு. அப்புறம் நான் எவன்கிட்ட வேணாலும் சொல்றேன், நீ என் தம்பின்னு."

ஜனவரியில் டீலியாதான் கூட்டிப்போனாள். அத்தை கல்லறை முன்னால், மழையில் தொப்பியைக் கழற்றி நின்றார் ஃபெஸ்டி. "அத்தை, கோல்மன் உன்னை மறக்கல. அப்பவே செத்துட்டான். நான்தான் சொல்லல." அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு டீலியாவைப் பார்த்து, "எங்க போயிச் சொல்லணும்?" என்றாள்.

ஃபெஸ்டி இப்போது கராரோவில், முதியவர்களுக்கான வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள், பேசுவதில்லை.