சேகர் அப்பாவின் கிளாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு போன். கூப்பிட்டவர் சேகர். (பெயர் நான் வைத்தது. காரணம் கடைசியில்.) செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குடியை விட்டவர்களுக்கான எங்கள் கூட்டத்தில் எட்டு மாதமாக என் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அண்ணே, கதவச் சாத்திட்டோம். உள்ள யாரும் இல்ல. ஆனா கிளாஸ் சத்தம் கேக்குது லா..."

வண்டிச் சாவியை எடுத்தேன்.

அன்று அவர் அப்பாவின் திதி. வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? படத்துக்கு முன்னால் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். சேகர் அப்பாவுக்குப் பிடித்தது பிராந்தி. கதவு திறந்ததும் அந்தக் கிளாஸை மூத்த மகன் குடிக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். மூத்த மகன்? சேகர்தான்!

சர்க்கரையில் போனவருக்கு லட்டு. குடியில் போனவருக்குப் பிராந்தி. எது ஆளைக் கொண்டுபோனதோ, அதையே வருடம் தவறாமல் அன்போடு வாங்கி வைக்கிறோம். நம்மை என்ன செய்வது?

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வெயில் கொளுத்தியது. வாசலில் சேகரும் அவர் அம்மாவும் நின்றிருந்தார்கள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டோம்.

டிங்.

எனக்கும் கேட்டது. மகா தைரியசாலியான நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சேகர் கதவைத் திறந்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன. ஃபேன் ஓடவில்லை. படத்தை ஒட்டி வைத்த கிளாஸ் மேசையின் எங்கள் பக்க விளிம்புக்கு வந்திருந்தது... யாரோ நீட்டுகிற மாதிரி.

"குடிச்சிருய்யா," என்றார் அம்மா. "இல்லாட்டி அப்பா கோவிச்சுக்குவாரு."

சேகரின் கை கிளாஸ் பக்கம் போனது. ஒரு வாய் போதும், எட்டு மாதமும் போய்விடும். இரண்டு முறை அப்படி விழுந்து எழுந்தவன் நான். அவர் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

சேகர் படத்தைப் பார்த்தார்.

"பா... சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்களுக்கு மீட்டிங். நீங்களும் வாங்க பா. அங்க பாலில்லாத கோப்பி-ஓதான் கெடைக்கும்."

அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளாஸை எடுத்துப் போய், வாசல் சாக்கடையில் தானே ஊற்றினார்.

"அந்த மனுசன் இருக்கும்போதே ஊத்தியிருக்கணும்," என்று அழுதார்.

மாலை, கடைவீட்டு மாடியில் ஒன்பது பேர் கூடினோம். சேகர் பத்தாவதாக ஒரு நாற்காலி போட்டு, அதன் முன்னால் ஒரு கப் கோப்பி வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படிக் குடியில் போன ஒருவர் உண்டு. அன்றுதான் சேகர் முதல் முறையாக அப்பாவைப் பற்றிப் பேசினார். இவர் தப்பித்துவிடுவார் என்று எனக்கும் அன்றுதான் நம்பிக்கை வந்தது.

முடிந்து எழுந்தபோது கவனித்தேன். அந்தக் கப்பில் பாதிக் கோப்பி இல்லை.

எல்லோரும் பார்த்தோம்.

வந்தவர் யார் என்று கேட்கக் கூடாது — எங்கள் கூட்டத்தின் முதல் விதியே அதுதான்!