அணைந்தால் தானே மூடுகிற அடுப்பு

சாமிகளா, நீங்கள் இரண்டு பேரும் போனில் அனுப்பிய அடுப்புப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். பாப்பா அனுப்பியது கறுப்புக் கண்ணாடி போட்ட இண்டக்‌ஷன். தம்பி அனுப்பியது மேடைக் கல்லுக்குள்ளேயே பதிக்கிற நாலு பர்னர் அடுப்பு. ஹாப் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. இரண்டுக்கும் நான் நேரான பதில் சொல்லவில்லை. அப்பா பழைய ஆள், எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. விஷயம் அது இல்லை. போனில் சொல்லலாம் என்றால், பாதியில் உங்கள் அம்மா வாங்கிக்கொண்டு சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

எழுதப் போகிறேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். "எழுதுங்க. புள்ளைங்க பயந்துக்கற மாதிரி மட்டும் எழுதாதீங்க" என்றாள். நடந்ததில் பயத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது கேஸ் டேங்கர். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அதன் உருவத்தைப் பார்த்து மாத்திரை லாரி என்பீர்கள். பின்னால் பதினெட்டு டன் கேஸை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியிருக்கிறேன், மழையில் ஓட்டியிருக்கிறேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு வேலை இருக்கிறது. லோடு இறக்கும் இடத்தில் போனை அணைத்துவிட வேண்டும், வண்டிக்கு எர்த் கம்பி மாட்ட வேண்டும், வால்வைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்தால் பயம் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸுக்கு என்று சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் மனிதனுக்குத் தெரியட்டும் என்று நாங்கள் லோடு ஏற்றுவதற்கு முன்பே அந்த நாற்றத்தைக் கலந்துவிடுகிறார்கள். வீட்டில் யாருக்காவது மூக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில் கலக்கிறார்கள்.

ஒருநாள் சங்ககிரியில் லாரியை விட்டுவிட்டு, பஸ் மாறி மல்லசமுத்திரம் வந்து இறங்கினேன். நல்ல வெயில். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை அடித்தது. ஊதுபத்தி வாசனையோ சாம்பார் வாசனையோ இல்லை. நான் இத்தனை வருடம் கூடவே வைத்துக்கொண்டு திரிகிற வாசனை அது. அடுப்படிக்குப் போனேன். உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில்தான் படுக்கும். அவள் அதற்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க. சித்த இருங்க, தேங்காய அரைச்சுட்டு வாரேன்" என்று எழுந்தாள். மிக்சி ஜாரில் தேங்காய் தயாராக இருந்தது. சுவிட்சைப் போடும்போது ஒரு பொறி பறந்தால் போதும்.

நான் கத்தவில்லை. கத்தினால் அவள் பயந்துபோய் எதையாவது தொட்டுவிடுவாள் என்று தோன்றியது. "எதையும் தொடாம வெளிய வா புள்ள" என்று மட்டும் சொன்னேன். அடுப்புத் திருகை மூடி, சிலிண்டரை மூடி, பின்கதவைத் திறந்துவிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். வேப்பமரத்தடியில் போய் நின்றோம். அவள் கையில் இன்னும் ஒரு வெங்காயம் இருந்தது.

"உனக்கு வாசம் அடிக்கலியா?"

"என்ன வாசமுங்க?"

நான் அவளையே பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். "ஐப்பசியில வந்த காய்ச்சலுக்குப் பொறவு மூக்குல ஒன்னும் ஏறலீங்க. வந்துருமுன்னு இருந்தேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான் மல்லிகைப் பூ வாங்கிவந்தால் மூக்கருகே வைத்து "நல்ல வாசம்" என்பாள். அவளாகவே ஒரு பூவின் வாசத்தைப் பற்றிப் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. குழம்பை எப்போதும் என்னிடம் நீட்டி "உப்புப் பாருங்க" என்பாள். மாவைத் திறந்து காட்டி "புளிச்சிருச்சா பாருங்க" என்பாள். வயதாக ஆக என் மேல் மரியாதை கூடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் மூக்கு டாக்டரிடம் காட்டினோம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டுக்கொண்டாள். "சொன்னா ரெண்டும் ஓடியாந்து அடுப்பைத் தூக்கிட்டுப் போயிருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு கெட்டது. லாரியில் உட்கார்ந்தால் ரோடு தெரியவில்லை, நம் வீட்டு அடுப்படித் தரைதான் தெரிந்தது. டீசல் போட நின்றால் போன். டயர் தட்டிப் பார்க்க நின்றால் போன்.

"அடுப்ப மூடிட்டியா?"

"மூடிட்டேனுங்க."

"சிலிண்டரு?"

"அதையும் மூடிட்டேன். பொட்டி ஒன்னு வாங்கியாந்து என்னையும் போட்டு மூடிருங்க." பிறகு சிரிப்பாள். "பின்னால அத்தனை டன்னு கேஸ வெச்சுக்கிட்டு ஊட்டுச் சிலிண்டருக்குப் பயப்படறீங்களே, கூட வர்ற டிரைவரு கேட்டாச் சிரிக்க மாட்டாரா?"

ஒருநாள் மதியம் அவள் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மணி முழுதாக அடித்து நின்றது. கூட வந்த டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எத்தனையோ முறை லாரியை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ரோட்டோரம் அது. அன்றைக்கு அந்த இடத்தில் நின்று, பக்கத்து வீட்டு நம்பர் ஏன் என்னிடம் இல்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு வெளியூர் ரோட்டில் டேங்கர் ஒன்று கசிந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளையாகப் பனி மாதிரி தரையோடு தரையாக வாய்க்காலில் இறங்கிப் போனது. அழகாகக்கூட இருந்தது. அந்த வெள்ளை இப்போது நம் வீட்டு வாசற்படி தாண்டி வருவதாகக் கண்ணுக்குள் தெரிந்தது.

அவளே கூப்பிட்டாள். ரேசன் கடையில் வரிசையில் நின்றாளாம். போனைப் பையில் போட்டிருந்தாளாம். "பருப்பு போட்டாங்க" என்றாள்.

அந்த லோடை இறக்கிவிட்டு ஊர் வந்ததும், அடுப்பை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுப்படியைப் புதுசாக்கலாம் என்றுதான் உங்களிடம் சொன்னேன். நீங்களும் ஆசையாகப் படம் அனுப்பினீர்கள். சேலம் சூரமங்கலத்தில் இறங்கி, அங்கே ஒரு பெரிய கடைக்கு அவளைக் கூட்டிப் போனேன். என் மனதில் இருந்தது பாப்பா சொன்ன இண்டக்‌ஷன்தான். கேஸே வேண்டாம், சிலிண்டரையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் செய்தித்தாள் ஒன்றை விரித்து, கொதிக்க வைத்துக் காட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தாள் கருகவில்லை.

"பாருங்கக்கா, தீயே கிடையாது. கரி கிடையாது, புகை கிடையாது."

உங்கள் அம்மா தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் விரல் வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "தீயில்லீங்கறீங்க, சுடுதே."

"அது பாத்திரத்துல இருந்து எறங்குன சூடுக்கா."

பக்கத்தில் சிவப்பாகக் கனலுகிற இன்னொரு வகை இருந்தது. இது தெரிகிறதே என்று காட்டினேன். கடைக்காரர் போட்டு அணைத்தார். சிவப்பு போய்விட்டது. அவள் கையைச் சற்று மேலே வைத்துப் பார்த்தாள். "அணைச்ச பொறவும் அனல் அடிக்குதுங்க. செவப்புதான் போயிருச்சு" என்றாள்.

"ஏம்புள்ள, எல்லாரும் வாங்கறாங்க, பழகிக்க மாட்டியா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்று மெதுவாகச் சொன்னாள். "எண்ணெய் காஞ்சுதான்னு மூக்குல தெரியல. பருப்பு அடிப்புடிச்சா தெரியல. இப்ப நான் தீயப் பாத்துத்தானுங்க சமைக்கறேன். அது சின்னதா எரியுதா பெருசா எரியுதா, சத்தம் எப்படி வருது, அதை வெச்சுத்தான் எல்லாம். மூக்கு போச்சு. தீயும் தெரியாம போச்சுன்னா நான் எதை வெச்சுச் சமைக்கறது?"

எனக்கு எதனால் கேஸ் பயமோ, அதே காரணத்தால்தான் அவளுக்கு கேஸ் வேண்டியிருந்தது. அதுவரை என் பயம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தினமும் அடுப்பு முன்னால் நிற்கிறவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று நான் ஒரு போனிலும் கேட்டதில்லை.

கடைக்காரருக்குக் காதில் விழுந்துவிட்டது. பிறகு, "இப்படி வாங்கக்கா" என்று உள்ளே கூட்டிப்போய், கல்லில் பதிக்கிற அடுப்பு ஒன்றைக் காட்டினார். தம்பி அனுப்பியது மாதிரிதான், மூன்று பர்னர். பர்னரைத் தூக்கி ஓரத்தில் இருந்த இரண்டு சின்னக் கம்பிகளைக் காட்டினார். "ஒன்னு பத்த வெக்கறதுக்கு. இன்னொன்னு தீயில காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். பால் பொங்கியோ காத்தடிச்சோ தீ அணைஞ்சா இந்தக் கம்பி ஆறிரும். ஆறுனா உள்ள கேஸ் தானா மூடிக்கும். எல்லா அடுப்புலயும் இது வராதுங்கண்ணா, கேட்டு வாங்கணும்."

"எவ்வளவு நேரத்துல மூடும்?"

"உடனே இல்லீங்கண்ணா. கம்பி ஆறணும்ல, சித்த நேரம் ஆகும்."

"அந்தச் சித்த நேரத்துல வர்ற கேஸு?"

"கொஞ்சம்தானுங்க வரும்."

"மூடலைன்னா?"

"மூடுங்கண்ணா."

"ஒருக்கா காட்டுங்களே."

"கடைக்குள்ள கேஸ் வெக்க விடமாட்டாங்கண்ணா. மாட்டுன பொறவு ஊட்டுல பாத்துக்குங்க."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "போலீஸ்காரரு உங்கள நிறுத்தி லைசென்சு கேக்கற மாதிரியே அவரக் கேட்டீங்க."

அந்த அடுப்பையே வாங்கினோம். அதைப் பதிக்கக் கல் வெட்டுகிறவர் வந்தார். அவர் மேடையில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டு மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வெட்டட்டுங்களா? வெட்டுனா வெட்டுனதுதானுங்க. பொறவு பழைய அடுப்ப இதுமேல வெக்க முடியாது." நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கம்பியை நம்பி, ஆறினால் மூடும் என்ற ஒரு வாய்ச்சொல்லை நம்பி, இந்தக் கல்லை வெட்டச் சொல்வதா என்று இருந்தது.

"வெட்டுங்க" என்றாள் உங்கள் அம்மா.

அடுப்பு மாட்ட வந்தவர் டியூப் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் பாத்துத்தானுங்க வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்றும் வாங்கி, சிலிண்டர் பக்கமாக முழங்கால் உயரத்தில் மாட்டினோம். அது ஊதுபத்திக்கும் கத்துகிறது. அம்மா ஒருநாள் சலித்துப்போய் பிளக்கைப் பிடுங்கிவிடுவாளோ என்பது இப்போது என் புதுப் பயம். புது அடுப்பில் திருகை அழுத்தி, கம்பி காயும் வரை பிடித்திருக்க வேண்டும். அவள் முதலில் அவசரப்பட்டு விட்டுவிட, தீ ஒவ்வொரு முறையும் அணைந்தது. "எம்பட பேச்சக் கேக்க மாட்டேங்குது பாருங்க" என்று சிரித்தாள். பிறகு பிடிபட்டுவிட்டது. குனிந்து தீயைப் பார்த்தபடி அரிசிப் பருப்பு சாதம் வைத்தாள். "உப்புப் பாருங்க" என்றாள். பார்த்தேன். சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டாரோடு எடப்பாடிக்குப் போனாள். எனக்கு அன்று மாலைதான் லோடு.

அவள் ஏறிய பஸ் வளைவில் திரும்பி மறையும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். போனை வெளியே திண்ணையில் வைத்தேன். முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது, அந்தப் பெட்டியின் பச்சை விளக்கும் போயிற்று. சின்ன பர்னரைப் பற்றவைத்து, கம்பி நன்றாகக் காயட்டும் என்று விட்டேன். பிறகு இடது கையால் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு, குனிந்து தீயை வாயால் ஊதி அணைத்தேன்.

ஸ்ஸ் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மிகச் சன்னமான சத்தம். மிக்சி ஓடினால், டிவி ஓடினால் கேட்காது. மூக்கைப் பிடித்திருந்ததால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு சுத்தமாக, அமைதியாக, நல்ல அடுப்பாகத் தெரிந்தது. பின்கதவுப் பக்கம் ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. நான் அங்கேயே நின்றேன்.

உள்ளே 'டக்' என்றது. ஸ்ஸ் நின்றது.

நான் உடனே மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. காதைப் பர்னரிடம் கொண்டுபோய், சத்தம் திரும்பவும் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. மற்ற இரண்டு பர்னரையும் அதே மாதிரி பற்றவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஊதி அணைத்து, டக் என்கிற வரைக்கும் நின்றேன். மூன்றாவதும் டக் என்று சொன்ன பிறகு கையை எடுத்து மூச்சு இழுத்தேன். வாசனை லேசாக இருந்தது, பின்கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அது முழுதாகப் போகும் வரை இருந்து, மெயின் சுவிட்சைப் போட்டு, திருகுகள் மூன்றையும் மூடி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பர்னர் மேல் விழுந்திருந்த என் எச்சில் துளியைத் துணியால் துடைத்தேன்.