இருபதாவது பிள்ளை

எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு நடந்து எண்ணினால் நூற்றுப் பதினெட்டு எட்டு. முழங்கால் நோவு வந்த பிறகு நூற்று முப்பத்தொன்று. ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் பதினேழு வருடம் அந்தத் தூரத்தை நடந்தேன். இப்போது நடக்கத் தேவையில்லை. காலையில் படலையடியில் நின்று பிள்ளைகளை எண்ணுவதோடு சரி.

முதலில் வான்கள் போகும். ஏழு வான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் பட்டணத்துக்கும், பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து வரும். பெரும்பாலும் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நான் ஓய்வுபெற்ற அன்று வரவு இடாப்பில் நூற்றுப் பன்னிரண்டு பெயர். இந்த வருடம் தொடங்கும்போது இருபது. இருபதுக்குக் குறைந்தால் மூடிவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. பக்கத்து ஊர் என்றால் பிரதான வீதியைக் கடந்து மூன்று கிலோமீற்றர். வானுக்குக் கொடுக்க வழியில்லாத பிள்ளைகள் அதையும் நடக்க வேண்டும்.

அந்த இருபதில் ஒருத்தி என் மகளின் மகள். ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் நான்கு பேர்.

ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் பரீட்சை. ஒரு பிள்ளையாவது சித்தியடைந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வரும், இரண்டு வான் பிள்ளைகளாவது திரும்பி வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். காலை ஐந்தரைக்கு ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் ரியூசன், ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பரீட்சை. வாரத்துக்கு ஐம்பத்திரண்டு மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தேன். கணக்குப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

மாசி மாதத்தில் பிள்ளை காலையில் சத்தி எடுக்கத் தொடங்கினாள். முன்பு ஆறு இடியப்பம் சாப்பிடுகிறவள் ஒன்றரையோடு எழும்புவாள். அந்த ஒன்றரையும் கிணற்றடியில் திரும்பி வந்துவிடும். டொக்டர் இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மகள் முதலில் ரியூசனை நிறுத்தினாள். வகுப்பில் புள்ளிகளைச் சத்தமாக வாசிக்கும்போது நாலு பேரில் நாலாவது ஆனாள். சத்தி நிற்கவில்லை. சித்திரை விடுமுறை முடிந்ததும் மகள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. தானே வீட்டில் படிப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு வயசிலையிருந்து பதினாறு வயசு மட்டும் பள்ளிக்கூடம் போகத்தான் வேணும். அது சட்டம்."

"சட்டம் வந்து இவளின்ரை சத்தியைக் கழுவுமே, அப்பா?"

"பிள்ளை பிள்ளையளோடை இருக்கோணும். நாலு சுவருக்குள்ளை வைச்சு என்னத்தைப் படிப்பிப்பாய்?"

"அங்கையும் நாலு சுவர்தான். ஒண்டு இடிஞ்சு கிடக்கு, அதை வேணுமெண்டால் கழியுங்கோ."

"பகிடி விடாதை. நீ ஒருத்தி மறிச்சால் பள்ளிக்கூடமே மூடுப்படும்."

"ஏழு வானிலை போனதுகளை ஒருத்தரும் மறிக்கேல்லை. என்ரை ஒண்டிலைதான் உங்கடை பள்ளிக்கூடம் நிக்குதோ? ரியூசனிலை படிக்கிறதைத்தானே பள்ளிக்கூடத்திலை எழுதுகினம். இப்ப அது படிக்கிற இடம் இல்லை, அப்பா. வரவு போடுற இடம்."

நான் எழும்பி வெளியே போனேன். வரவு போடுவதுதான் என்னுடைய வாழ்க்கையாக இருந்தது. சண்டைக்கால இடப்பெயர்வின்போது வீட்டிலிருந்து இரண்டு பைதான் எடுத்தேன். ஒன்றில் வரவு இடாப்புகள். தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எடுக்கும் காலத்தில் பிள்ளைகள் குறைந்தால் கிராம விதானையாரோடு வீடுவீடாகப் போவேன். ஒரு வீட்டில் தாய் சொன்னாள், "இவளுக்குப் பள்ளிக்கூடமெண்டால் வயித்துக்குத்து, மாஸ்டர்." எல்லோரும் சொல்கிற சாட்டு என்று நினைத்தேன். அந்த வீட்டுக்குப் பதினொரு தரம் போனேன். பன்னிரண்டாம் நாள் அந்த வீட்டுப் பிள்ளை வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நான் அவளுடைய பெயருக்கு நேரே வரவுக்கு ஒன்று போட்டேன்.

அந்தக் கிழமையே இப்போதைய அதிபர் வீட்டுக்கு வந்தா. என்னிடம் இளம் ஆசிரியையாக வேலை பழகியவ. தேத்தண்ணியைத் தொடவில்லை.

"சேர், பிள்ளையை அனுப்பாட்டிலும் பரவாயில்லை. விடுகைப் பத்திரம் மட்டும் எடுக்க வேண்டாமெண்டு மகளிட்டைச் சொல்லுங்கோ. பேர் கிடக்கட்டும்."

மகள் ஒத்துக்கொண்டாள். அடுத்த நாள் படலையில் நின்று எண்ணினேன். பத்தொன்பது. நடந்துபோய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட அலுவலக வாசலில் இருக்கும் பலகையில் 'தொகை 20, வரவு 20' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. இருபத்தேழு நாள் நான் பத்தொன்பது எண்ணினேன், பலகை இருபது சொன்னது. நான் வாய் திறக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலை அதிபர் ஆள் அனுப்பினா. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறாராம், இன்றைக்கு மட்டும் பிள்ளையை அனுப்பிவிடட்டாம்.

"காட்டிப்போட்டு எடுத்து வைக்க என்ரை பிள்ளை என்ன கொலுப்பொம்மையோ?" என்றாள் மகள்.

அதைச் சொல்லத்தான் நான் போனேன். நான் போய்ச் சேர முன்பே அலுவலர் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தேவாரம் பாடி நின்ற பிள்ளைகளைப் பேனை நுனியால் எண்ணிக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் ஒரு ஆசிரியையின் மூன்று வயது மகள் நின்றாள். வீட்டில் பார்க்க ஆளில்லாமல் தாய் கூட்டி வருகிற பிள்ளை. அன்றைக்குப் பார்த்து அவளுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்.

"இருபது. சரி," என்றார் அலுவலர்.

"பத்தொன்பது," என்றேன் நான்.

நினைத்துச் சொல்லவில்லை. பிழையாகக் கூட்டிய தொகையைக் கேட்டால் என் வாய் தானாகத் திருத்தும். அதிபர் நிலத்தைப் பார்த்தா.

அலுவலகத்தில் அவர் இடாப்பைத் திருப்பினார். "ஒரு பிள்ளை இண்டைக்கு இல்லை. ஆனால் இதிலை ஒரு நாளும் விடாமல் வந்திருக்கெண்டு கிடக்கு?"

"என்ரை பேத்தி," என்றேன். "வீட்டிலை நிக்கிறா. அந்த மூலை வீடு."

அவர் கெட்ட மனிதரில்லை. எத்தனையோ பள்ளிக்கூடம் ஏறி இறங்கிக் களைத்த முகம். தேத்தண்ணிக் கோப்பையை இழுத்து வைத்தார். "ஐயா, நான் இதைக் குடிச்சு முடிக்கிறதுக்கிடையிலை அந்தப் பிள்ளை வந்துதெண்டால், நான் எண்ணினது சரியெண்டே எழுதலாம்."

நூற்று முப்பத்தொன்று எட்டு. குசினிக்குள் மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை நிலத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே பழைய பேப்பரைத் தாய்க்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் ஐந்தாவது இடியப்பம். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மப்பா, இண்டைக்கு எத்தினை பேர்?" என்றாள் பிள்ளை.

"பத்தொன்பது."

"அப்ப என்னோடை இருபது." விரல் இடியப்பத்தில் நின்றது. "நான் வரோணுமே?"

அப்படிக் கேட்கும்போதே அவளுடைய இடது கை வயிற்றுக்குப் போய்விட்டது. அவளுக்கே தெரியாமல் போனது. அந்தக் கையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

"இல்லை," என்றேன். "நீ சாப்பிடு."

திரும்பிப் போகும்போது எட்டுகளை எண்ண மறந்துவிட்டேன். அலுவலர் கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

"பத்தொன்பது," என்றேன்.

அவர் மிச்சத்தைக் குடித்துவிட்டு எழுதத் தொடங்கினார். அதிபர் சிவப்புப் பேனையை எடுத்து இருபத்தேழு ஒன்றுகளையும் ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் பூச்சியம் போட்டுக் கையெழுத்து வைத்தா. நான் பக்கத்தில் நின்றேன்.

"அழிக்கக் கூடாது, வெட்டித்தான் எழுதோணும் எண்டு நீங்கள்தானே சேர் பழக்கினனீங்கள்," என்றா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு கடிதங்கள் வர வேண்டும். ஒன்று பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி, மற்றது அதிபரிடம் விளக்கம் கேட்டு. இரண்டும் இன்னும் வரவில்லை. மகள் விடுகைப் பத்திரத்தை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டாள். பிள்ளைக்குச் சத்தி நின்று ஒரு மாதம் ஆகிறது. அவள் படிக்கிறாளா என்று கேட்டால், பேப்பர் வாசிக்கிறாள், கணக்குச் செய்கிறாள், பின்னேரங்களில் கதைக்க ஒரு பிள்ளையும் இல்லாமல் மதிலால் எட்டிப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறாள். நான் சொன்னது சரியா மகள் சொன்னது சரியா என்று யோசிக்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

காலையில் படலைக்குப் போகிறேன். ஏழு வான் எட்டாகிவிட்டது. நேற்று நடந்து வந்த பிள்ளைகள் பதினெட்டு, ஒன்றுக்குக் காய்ச்சலாம். பலகையிலும் பதினெட்டு என்றுதான் எழுதியிருந்தது.