சோட்டுவுக்கு வேலை இல்லாமல் போன வருஷம்

சிமெண்ட் தரையில் இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தத்தை என்னால் இன்றைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கீழ்வீட்டில் யாராவது சங்கிலி ஊஞ்சலை நகர்த்தினால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஒரே வேகத்தில், ஒரே வட்டத்தில், இதோ நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் மறுபடியும் தொடங்குகிற அந்தச் சத்தம், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டது. அதை எழுப்பிக்கொண்டிருந்தது சோட்டு என்கிற எங்கள் நாய். அதற்கு வெறி பிடித்தது என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற பக்கம். அப்பா ரிக் வண்டியில், அதாவது போர்வெல் போடுகிற லாரியில், டிரில்லராக இருந்தார். வருஷத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடந்துவிட்டு, அங்கே மழை பிடித்து வண்டி நிற்கும்போது மட்டும் வீட்டுக்கு வருவார். ரிக் சம்பாத்தியத்தில் சாலையோரமாகக் கட்டிய புது வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். பக்கத்து வீடு அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா வீடு. டெலிபோன் அவர் வீட்டில்தான் இருந்தது என்பதால் அப்பா முதலில் பெரியப்பாவோடு பேசி முடிப்பார், மிச்ச நேரத்தில் எங்களோடு. அம்மா பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். கணவரின் அண்ணனிடம் பேசக்கூடாது என்று யாரும் அவளுக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அவர் வந்தால் எழுந்து கதவோரம் நிற்பாள், சொல்ல வேண்டியதைப் பெரியம்மாவிடம் சொல்வாள், பெரியம்மா அதை அவரிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். “மாமங்ககிட்டச் சொல்லுங்க அக்கா” என்று அம்மா சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கும். இருந்தாலும் பெரியம்மா திரும்பி இன்னொரு தரம் சொல்லும்வரை அவர் காத்திருப்பார். அதைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். சிரிக்கிற விஷயம் இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு மழைக்காலத்தில் அப்பா ரிக் வண்டியின் கேபினில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். வடக்கே எங்கோ அந்த வண்டிக்கு அடியிலேயே பிறந்தது. அங்கிருந்தவர்கள் கூப்பிட்ட “சோட்டு” என்கிற பெயரோடேயே வந்தது. கம்ப்ரசர் சத்தத்திலும் பத்துப் பேர் நடமாட்டத்திலும் கண் திறந்த குட்டிக்கு எங்கள் வீட்டின் அமைதி பிடிக்கவில்லை போலிருக்கிறது. அப்பா திரும்பிப் போவதற்குள்ளாகவே என் செருப்பையும் அம்மாவின் சேலைத் தலைப்பையும் தென்னந்துடைப்பத்தையும் கடித்துக் குதறி வைத்தது. “ரெண்டு போடு போட்டா அடங்கிப் போயிரும்” என்றாள் பெரியம்மா. அம்மா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுக்கு வேல ஒண்ணும் இல்ல சாமி, அதான் ராவடி பண்ணுது” என்றாள்.

அன்றிலிருந்து அதற்கு வேலை கொடுக்க ஆரம்பித்தாள். கோழிப்பண்ணையிலிருந்து வரும் “ஒடசல்” முட்டையை, அதாவது ஓடு கீறி விலைபோகாத முட்டையை, வேகவைத்து, அப்பாவின் பழைய லுங்கியில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு உள்ளே வைத்துக் கொடுப்பாள். சோட்டு இரண்டு முன்காலாலும் லுங்கியை அமுக்கிக்கொண்டு, பல்லால் ஒவ்வொரு முடிச்சாக இழுத்து அவிழ்க்கும். கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து ஒன்றில் மட்டும் கருவாட்டுத் தலையை ஒளித்து வைப்பாள். காய்ந்த பருத்திக் குச்சிகளை அடுக்கிய பருத்திமார்ப் போருக்குப் பின்னால் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “பாப்பா எங்க?” என்று கேட்டு, பிடித்துவைத்திருந்த அதை விட்டுவிடுவாள். கண்டுபிடித்துவிட்டால் அதற்கு வருகிற பெருமையைச் சொல்லி மாளாது. என்னைச் சுற்றி நாலு ஓட்டம் ஓடிவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அவள் பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்காலும் ஆளும் பேருமாக இருந்த வீட்டில் பிறந்தவள். இந்த வறண்ட மேட்டாங்காட்டில் வாக்கப்பட்ட பிறகு அவள் சத்தம்போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தச் சில மாதங்களில்தான். நாய்க்கு அவள் வேலை கொடுத்தாள் என்று சொன்னேன். அவளுக்கும் அதுதான் வேலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரிலிருந்து தாமிரக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரே பயந்து கிடந்த அந்த வாரத்தில், பழைய இரும்பு வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சோட்டு வாலாட்டிக்கொண்டு நின்றதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். நாயைக் கட்டிப்போட்டு, ஆள் முகம் காட்டாமல் வளர்த்தால்தான் அதற்கு “ரோசம்” வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பியது. பெரியம்மாவைப் பார்த்து, ஆனால் கதவோரம் நின்ற அம்மாவுக்காக, பெரியப்பா சொன்னார்: “பொம்பளையும் புள்ளையும் தனியா இருக்கற ஊட்டுக்கு வாலாட்டற நாயி எதுக்கு? நாயோட என்ன வெளையாட்டு? ரோட்டுல போறவன் நாலு பேரு பாத்துட்டுப் போறான். நாளைக்கு ஒண்ணுன்னா என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது?” அப்பாவுக்குப் போன் போனது. “அண்ணன் சொல்றபடி செஞ்சிருங்க” என்று பதில் வந்தது.

கார் நிறுத்தக் கட்டி, கார் வாங்காமல் விட்டிருந்த கொட்டகையின் தூணில் சோட்டுவைக் கட்டினார்கள். முதலில் அது ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வாசல் கேட்டின் கம்பி வழியாக அதற்குச் சாலை தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், முட்டை லாரி என்று ஒவ்வொன்றையும் காது தூக்கிக் கவனித்து, தெரிந்தவர்களுக்கு ஒரு குரைப்பும் தெரியாதவர்களுக்கு ஒரு குரைப்புமாகப் பொழுதை ஓட்டியது. தெரிந்தவர்களுக்குக் குரைத்தபோது வால் ஆடியதுதான் வினையாகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தகரம் வாங்கிவந்து, வேகாத வெயிலில் தானே நின்று, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு, கேட்டை மேலிருந்து கீழ்வரை முழுவதும் மறைத்து முடுக்கினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “இனிப் பயமில்லாமப் படுத்துத் தூங்கு சாமி” என்று என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து சோட்டுவுக்கும் சாலை தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

சோட்டு கொஞ்ச காலம் தகரத்தைப் பார்த்துக் குரைத்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு ஒரு வட்டம். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் அதே வட்டம். இல்லாத ஈயைப் பிடிப்பதுபோல் வெறுங்காற்றைக் கடித்தது. தன் வாலையே துரத்திப் பிடித்து, முடி கொட்டி, தோல் கிழிந்து, சதை தெரியும்வரை மென்றது. பெரியப்பாவுக்கு முதலில் சந்தோஷம்தான். “இப்பத்தான் காவ நாயாட்டம் இருக்குது” என்றார். “கொஞ்ச நேரம் காட்டுக்குள்ள அவுத்து உடலாமான்னு மாமங்ககிட்டக் கேளுங்க அக்கா” என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லி அனுப்பினாள். “அவுத்து உட்டா இத்தன நாளு கட்டுனது வீணாப் போயிரும்னு சொல்றாங்க” என்று பெரியம்மா பதிலைக் கொண்டுவருவாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அப்போது அம்மாமேல்தான் கோபம் வரும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோட்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் மடியில் தலையை வைத்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வால் புண்ணில் எண்ணெய் பட்டதும் துள்ளித் திரும்பி அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. கடித்த அடுத்த நொடியே குறுகி, முனகிக்கொண்டு அவள் காலை நக்கியது. அதை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். அம்மாவின் சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியம்மா பார்த்தது ரத்தத்தை மட்டும்தான்.

அரைமணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. சுற்றுது, காத்தைக் கடிக்குது, தன்னையே தின்னுது, இப்போது வளர்த்தவளையே கடித்துவிட்டது, வெறிதான் என்பதற்கு வேறென்ன வேண்டும் என்றார்கள். “நான் புண்ணத் தொட்டதாலதானுங்க அக்கா கடிச்சுது. மாமங்ககிட்டச் சொல்லுங்க” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். “வந்து சொல்லிக்கலாம் வா, மொதல்ல ஊசி போடோணும்” என்று பெரியம்மா அவளை இழுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டாள். அம்மாவின் பேச்சைச் சுமந்துபோகிற ஒரே ஆளும் அம்மாவோடேயே போய்விட்டாள். பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஏறுவதற்குமுன் அம்மா அவரைக் கடந்துதான் போனாள். ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். “புண்ணுல மருந்து போட்டாங்க பெரியப்பா, அதான் கடிச்சுது” என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் குனிந்து என் கன்னத்தைத் துடைத்து, “நீ உள்ள போ சாமி, இதெல்லாம் நீ பாக்கக்கூடாது” என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் திறந்துகொண்டு தடிகளோடு நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். அத்தனை காலத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் அத்தனை ஆள் முகங்களைப் பார்த்த சோட்டு சுற்றுவதை நிறுத்தியது. காதைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் புண்பட்ட வாலை ஆட்டியது. அதற்குள் யாரோ வெளியிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா திரும்பி வந்தபோது கொட்டகையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அவள் கட்டுப்போட்ட கையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்ச ஊசிகளைச் சொன்ன நாட்களில் தவறாமல் போய்ப் போட்டுக்கொண்டாள். அந்த மழைக்கு வந்த அப்பா, “வேற நல்ல குட்டியாப் பாத்துக் கொண்டாரேன்” என்றார். “வேண்டாங்க” என்றாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நாயைப் பற்றிய பேச்சு.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். என் மகளின் நச்சரிப்புக்காக ஒரு குட்டியை வாங்கினோம். அது சோபாவைக் கிழித்துப் பஞ்சை எடுத்ததும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். உடம்புக்கு மட்டும் இல்லை, மூளைக்கும் தினமும் வேலை கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடுகிற பொம்மைகளைப் போனில் காட்டினார். அம்மா கிழிந்த லுங்கியில் செய்தது இன்று அட்டைப்பெட்டியில் படம் போட்டு வருகிறது. நான் சோட்டுவைப் பற்றிச் சொன்னேன். அவர், “கட்டியே போட்டு வச்ச நாய்ங்க அப்படித்தான் மேடம் சுத்தும், வாலைக் கடிக்கும். மாசக்கணக்கா அப்படி இருந்துச்சுன்னா அது வெறி இல்லை. வெறி பிடிச்ச நாய் அத்தனை நாள் உயிரோட இருக்காது” என்றார்.

போன மாதம் குட்டியோடு ஊருக்குப் போனேன். அப்பா இறந்த பிறகும் அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். சேலத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அது எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி” என்றாள், அவ்வளவு சாதாரணமாக. குட்டி அவள் காலடியில் போய் மூக்கால் முட்டியது. முந்தானைக்குள் இருந்த கை வெளியே வந்து அதன் தலைக்குமேல் கொஞ்சம் நின்றது. “உங்களுக்குத் துணையா இங்கயே உட்டுட்டுப் போறேன்மா” என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அவள் பெரியப்பா வீடு இருந்த பக்கம் திரும்பினாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர்கள் மகன் இடத்தை விற்றுவிட்டான், வாங்கியவர் வீட்டை இடித்துப்போட்டு, அங்கே இப்போது ஆளுயரத்துக்குச் செடி முளைத்துக் கிடக்கிறது. அந்தக் காலிமனையை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, அங்கே கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி அம்மா சொன்னாள்: “வேண்டாஞ் சாமி. கூட்டிட்டுப் போயிரு.”